மேடைப் படிப்பினையியல்

பாயிரம்

நூல் ஒன்றைத் தொடங்குமுன் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூல் வைத்த ஒழுங்கு. இந்த ஒழுங்கைத் தவறவிட்ட நூலை வன்னியில் வெளியிட்டால், வெளியீட்டு விழாவில் நயவுரை செய்ய வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அதையே பிடித்துக்கொண்டு முக்கால் மணிநேரம் பேசுவார். ஆகவே எட்டையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம்.

ஆக்கியோன், பரிசில் நாள்களிலும் செயலமர்வுகளிலும் பின்வரிசைக் கதிரையில் இருந்து தேறியவன். வழி, நன்னூல் செய்த பவணந்தியாருக்குப் பின் ஆறுமுக நாவலர் வழி. 1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரிடம் கண்ட பிரசங்க முறையைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அன்று ஏறிய மேடையை விட்டு நம்மவர் இன்னும் இறங்கவில்லை.

எல்லை, வடக்கே ஆனையிறவு, தெற்கே ஈரப்பெரியகுளம், கிழக்கே முல்லைத்தீவுக் கடல், மேற்கே பூநகரிக் கடல். நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, நூற்பாவும் உரையும். நூற்பாக்கள் இந்நூலார் தாமே செய்தவை. தளை தட்டினால் ஒலிவாங்கியில் பிழை என்று கொள்க. நுதலிய பொருள், ஊக்கமூட்டும் பேச்சிலிருந்து வாழ்க்கைக்குப் படிப்பினை எடுக்கும் முறை. கேட்போர் மூவர்: பிரதம விருந்தினராக அழைக்கப்பட்டோர், இனி அழைக்கப்படப்போவோர், அவ்விருவரும் வரும்வரை வெயிலில் நிற்போர். பயன், மூன்றாமவர்க்கு நிழல்.

1. பொதுவியல்

நூற்பா 1
மேடையிற் சொல்வதும் கீழிருந் தோர்தாம்
வீடுகொண் டேகலும் வேறென மொழிப.

உரை: இது நூல் முழுவதற்கும் தலைமை விதி. பேச்சாளர் கொடுத்ததும் கேட்டவர் கொண்டுபோனதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது கருத்து. "மொழிப" என்றதனால் இது முன்னோர்க்கும் உடன்பாடு. எந்த முன்னோர் என்று கேட்பார் ஒட்டுசுட்டான் பக்கம் போய்க் கற்சிலைமடுவில் நாட்டிய கல்லின் கதையைக் கேட்டறிக.

1803 ஓகஸ்ட் மாதம் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையை வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் வொன் ட்றிபேர்க் என்னும் படை அதிகாரி அவனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தான். அந்த வெற்றியைப் பதிவுசெய்ய ஆங்கிலத்தில் எழுதி நாட்டிய கல் அது. எழுத்துக் கூட்டிப் படித்தால் அதன் படிப்பினை, "எதிர்த்தவன் தோற்றான்" என்பதே. வன்னிச் சனம் அதில் படித்தது, "எதிர்க்க ஒருவன் இருந்தான்" என்பதை. வென்றவன் பெயரும் அந்தக் கல்லில் இருந்தது; அவனுக்காக ஒருவரும் அங்கே போவதில்லை. மாலை பண்டாரவன்னியனுக்கு. வவுனியா நகரில் சிலை நிற்பதும் அவனுக்கே.

கல்லில் வெட்டிய சொல்லுக்கே கதி இதுவானால், தகரக் கொட்டகையில் ஒலிபெருக்கி வழியே போகும் சொல்லைப் பேசியவர் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியுமா? முடியாது. படிப்பினையைத் தீர்மானிப்பவர் கேட்டவர். இனி வரும் இயல்கள் எல்லாம் இந்த ஒன்றின் விரிவு.

2. உரைவகையியல்

நூற்பா 2
பரிசில் பயிற்சி பரீட்சை திறப்பென
ஒருநான் கென்ப உரையின் வகையே.

உரை: வன்னியில் ஊக்கமூட்டும் உரைகள் நான்கு. அவற்றுள் பரிசில் உரையாவது, பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலோ இல்ல விளையாட்டுப் போட்டியிலோ பிரதம விருந்தினர் ஆற்றுவது. இதன் உறுப்புகள் மாறாதவை. வாசலில் இருந்து மேடை வரை பாண்ட் வாத்தியம், மாலை, மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, அதிபரின் அறிக்கை, பிறகே பிரதம விருந்தினர். அழைப்பிதழில் காலை 9 மணி என்று இருக்கும். பாண்ட் பிள்ளைகள் எட்டு மணிக்கே வாசலில் நிற்பார்கள். விருந்தினரின் வாகனம் ஏ9 வீதியில் எங்கே வருகிறது என்பதைக் கைபேசியில் விசாரித்தபடி ஓர் ஆசிரியர் படலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார்.

நூற்பா 3
பிந்தி வந்தோர் நீட்டிப் பேசுப;
முந்தி வந்தோர் வெயிலில் நிற்ப.

உரை: பிந்தி வந்தவர் சுருக்கிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது உலக நியாயம். மேடை நியாயம் வேறு. பிந்திய குறையைத் தீர்க்கப் பேச்சாளர் பேச்சை நீட்டுவார். "நேரம் போய்விட்டது, ஆகவே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்" என்னும் தொடர் வந்தால் அது முடிவுப் பொருளில் வந்ததன்று, தொடக்கப் பொருளில் வந்தது என்று கொள்க. அத்தொடர் ஓர் உரையில் மூன்று இடத்தில் வரும். மூன்றாவதற்குப் பின்னும் ஒரு கதை உண்டு. அந்தக் கதை பெரும்பாலும் நேரத்தின் அருமை பற்றியதாக இருக்கும்.

பயிற்சி உரையாவது, செயலமர்வில் வளவாளர் ஆற்றுவது. நிலத்துக்குரிய கருவிகள்: பெரிய வெள்ளைத் தாள், நான்கு நிற எழுதுகோல், வரவுப் பதிவேடு, பத்தரை மணிக்குப் பணிசும் பிளேன்ரீயும், ஒரு மணிக்குச் சோற்றுப் பார்சல். 2009 இல் போர் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் கூடாரங்களில் அடைபட்டிருந்து, 2012 செப்டெம்பரில் அந்த முகாம் முற்றாக மூடப்படும் வரையிலும் அதற்குப் பின்னரும் வன்னியில் நெல்லுக்கு அடுத்தபடியாக விளைந்தது செயலமர்வே. மீண்டெழுதல், தலைமைத்துவம், முரண்பாட்டைத் தீர்த்தல், நேர்மறைச் சிந்தனை என்று அதற்குப் பல உள்வகை. மீண்டெழுவது எப்படி என்று சொல்லித் தந்தவர் பின்னேரமே கொழும்புக்குத் திரும்பினார். கேட்டவர் தறப்பாளுக்குத் திரும்பினார். எவருக்கு அந்தப் பாடத்தில் முன்னனுபவம் கூடுதல் என்பதை மாணாக்கர் ஊகித்து அறிக.

பரீட்சை உரையாவது, சாதாரண தரமோ உயர்தரமோ நெருங்கும்போது பாடசாலை மண்டபத்தில் நடக்கும் தன்னம்பிக்கைக் கருத்தரங்கு. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் வராத பாடசாலைக்கும் இது தவறாமல் வந்து சேரும். ஆசிரியரை அனுப்புவதிலும் பேச்சாளரை அனுப்புவது செலவு குறைந்த வழி என்பதே காரணம்.

திறப்பு உரையாவது, நாடா வெட்டிய கையோடு பேசுவது. பெயர்ப்பலகையில் திறந்தவர் பெயர் எழுத்தின் பருமனும் கட்டடத்தின் பருமனும் நேர்மாறாக அமையும் என்பதற்கு மேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

3. மேற்கோளியல்

நூற்பா 4
தோற்றுப் பின்னர் வென்றோர் அல்லது
மேற்கோட் குரியர் ஆகார் மேடையில்.

உரை: மேடையில் எடுத்தாளப்படும் மாந்தர்க்கு வேண்டிய தகுதி இது. வெறுமனே வென்றவர் ஆகார். வெறுமனே தோற்றவர் அறவே ஆகார். தோற்று வென்றவருள் முதல்வர் எடிசன். மின்குமிழைச் செய்யுமுன் அவர் எத்தனை தடவை தோற்றார் என்பது ஆயிரம் தொடக்கம் பத்தாயிரம் வரை, பேச்சாளரின் உற்சாகத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும்.

அடுத்தவர் அப்துல் கலாம். 2012 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து மாணவரிடையே பேசியவர் என்பதால் வடக்கு மேடைகளில் அவருக்குத் தனி உரிமை. கலாமின் பேச்சில் இரண்டு இருந்தன. ஒன்று கனவு பற்றியது. மற்றது, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டுப் பதில் சொல்வது. அவரைப் பின்பற்றுவோர் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை இராமேஸ்வரத்திலேயே விட்டுவிட்டார்கள்.

மூன்றாமவர் ஸ்டீவ் ஜொப்ஸ். 2005 யூன் 12 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் அவர் மூன்று கதை சொன்னார்: கல்லூரியை இடையில் விட்டது, தொடங்கிய நிறுவனத்திலேயே வேலை போனது, புற்றுநோய். நல்ல பேச்சு; கால் மணிநேரத்தில் முடிந்த பேச்சு. முதற் கதை மட்டும் வன்னியில் கவனமாகக் கையாளப்பட வேண்டியது. படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் இங்கே பலர் உண்டு. அவர்கள் விட்டதற்குக் காரணம் இடப்பெயர்வு. விட்ட பிறகு விரும்பிய வகுப்பில் போய்ச் சும்மா இருந்து எழுத்தணி பயில அவர்களுக்கு ஒரு கல்லூரி கிடைக்கவில்லை.

நான்காமவர் விவேகானந்தர். 1893 செப்டெம்பர் 11 இல் சிக்காகோவில் அவர் ஆற்றிய முதற் பேச்சு, ஆங்கிலத்தில் 500 சொல்லுக்கும் குறைவானது. அதைப் பற்றி வன்னியில் பேசப்படும் பேச்சுகள் அதனிலும் நீண்டவை. சபையை அவர் விளித்த விதமும் எழுந்த கைதட்டலும் எல்லாப் பேச்சிலும் வரும். வராதது ஒன்று உண்டு. சென்னையிலிருந்த அளசிங்கப் பெருமாளுக்கு அவர் எழுதிய கடிதத்தில், அன்று காலை நெஞ்சு படபடத்து நாக்கு வறண்டதையும், பேசத் துணியாமல் தள்ளிப்போட்டதையும் தாமே எழுதியிருக்கிறார். முறை வந்தபோதெல்லாம் பிறகு, பிறகு என்று விட்டுப் பின்னேரம் தான் எழுந்தார். முல்லைத்தீவில் ஒரு பேச்சுப்போட்டி மேடையில் கால் நடுங்க நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சிக்காகோவில் இருந்து உதவக்கூடிய செய்தி அந்த நாக்கு வறண்டது தான். சிங்கம் என்று சொல்லிச் சொல்லி அதை மேடை மறைத்துவிட்டது.

4. படிப்பினையியல்

நூற்பா 5
ஏற்றம் எண்ணே பழியே கடனே
மாற்றம் என்றாங் கைந்தே படிப்பினை.

உரை: ஏற்றப் படிப்பினையாவது, முயன்றால் உயரலாம் என்பது. இது எல்லா உரைக்கும் பொது. மறுப்பாரும் இல்லை, மறுநாள் நினைப்பாரும் இல்லை.

எண் படிப்பினையாவது, இலக்கமிட்டு வருவது. வெற்றிக்கு ஏழு படி, ஆளுமைக்கு ஐந்து தூண் என்று வரும். இதற்கு அண்மைக்கால மூலம் 2014 மே 17 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் வில்லியம் மக்ரேவன் ஆற்றிய உரை. கடற்படையின் சிறப்புப் பயிற்சியில் கற்ற பத்துப் பாடங்களை அவர் சொன்னார். முதலாவது, காலையில் எழுந்ததும் படுக்கையை ஒழுங்காக மடிப்பது. இந்தப் பாடம் ஒரு வீட்டுக்கு வந்துசேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு வருமாறு:

"இண்டைக்கு மீற்றிங்கில என்ன மோனை சொன்னவை?"

"அமெரிக்காவில ஒரு பெரிய நேவிக்காரர் சொன்னவராம் அம்மம்மா. காலமை எழும்பின உடன படுக்கையை வடிவாய் மடிக்க வேணுமாம்."

"ஏன், அங்க பாய் சுருட்டாமலே விட்டிட்டுப் போறவையே?"

"தெரியாது அம்மம்மா."

"சரி, நீ மாட்டுக்குத் தண்ணி வைச்சனியே?"

அட்மிரலின் பாடத்தில் பிழை இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் பாய் சுருட்டாவிட்டால் அடுப்புக்குப் போக வழி இல்லை. ஆகவே அங்கே அந்தப் பாடம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. பேச்சாளர் தம் முதல் இலக்கத்தைச் சொல்லுமுன் சபை எந்த இலக்கத்தில் நிற்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பழிப் படிப்பினையாவது, "உன் நிலைக்கு நீயே காரணம்" என்பது. சிரித்த முகத்தோடு சொல்லப்படுவதால் இதன் கூர் தெரிவதில்லை. தடை எல்லாம் மனத்தில் தான் என்று பேச்சாளர் சொல்வார். கண்ணிவெடி அகற்றி முடியும்வரை தன் காணிக்குள் கால்வைக்க முடியாமல் வேலிக்கு வெளியே நின்றவர் அதைக் கேட்டுக்கொண்டு இருப்பார். சிவப்பு மண்டையோட்டுப் பலகை மனத்தில் நாட்டியது அல்ல, மண்ணில் நாட்டியது. ஐவகையுள் இந்த ஒன்றை மட்டும் இந்நூலார் வழுவாகக் கொள்வர். வழுவமைதியும் இதற்கு இல்லை.

கடன் படிப்பினையாவது, கேட்கும்போது ஊக்கமாக இருந்து கிழமை திரும்பும்போது தவணையாக மாறுவது. சுயதொழில் உரைகளின் பின்னால் இது வரும். "நீங்களும் முயற்சியாளர் ஆகலாம்" என்ற பேச்சுக்கும் நுண்கடன் படிவத்துக்கும் இடையே பல கிராமங்களில் ஒரு மேசையே தூரம். கோழிக்குஞ்சு வாங்கிய பெண் அந்தக் குஞ்சு முட்டையிடுமுன்பே தவணை கட்டத் தொடங்கினாள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று அது போனது. 2018 இல் அரசாங்கமே முன்வந்து, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது. ஊக்கமூட்டும் பேச்சுக்கு வட்டி வீதம் உண்டா என்று பழைய இலக்கணகாரர் ஆராயவில்லை. வன்னிப் பெண்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

மாற்றப் படிப்பினையாவது, பேச்சாளர் கருதாததைக் கேட்டவர் எடுத்துக்கொள்வது. கற்சிலைமடுக் கல் இதன் தலையாய உதாரணம். சிறிய உதாரணங்கள் எல்லா விழாவிலும் கிடைக்கும். பிரதம விருந்தினர் ஒழுக்கம் பற்றி ஒரு மணிநேரம் பேசுகிறார். பின்வரிசைப் பிள்ளை, பேச்சு முடியுமுன் பரிசுப் புத்தகத்தில் பாதியை வாசித்து முடிக்கிறாள். அவள் அன்று பெற்றது வாசிப்பு. விருந்தினர் அதற்குத் தாம் உதவியதை அறியமாட்டார். ஐந்து வகையுள்ளும் எண்ணிக்கையிற் கூடியதும் நெடுநாள் நிற்பதும் இதுவே.

5. கேட்போரியல்

நூற்பா 6
கதிரையார் நிழலார் கையொப்ப மிடுவார்
எதிரே நிற்பார் எனநால் வகையர்.

உரை: நன்னூலார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டாகப் பிரித்துத் தலை, இடை, கடை என வரிசையும் வைத்தார். பேச்சு பயன்படாவிட்டால் பழி கேட்டவர்மேல் என்பது அந்தப் பாகுபாட்டின் உட்கிடை. இந்நூலார் அதற்கு உடன்படார். கேட்போரை இங்கே குணத்தால் பிரிக்கவில்லை. இருக்க இடம் கிடைத்த வகையால் பிரித்திருக்கிறோம்.

கதிரையார், முன்வரிசையில் வெள்ளைத்துணி போர்த்த கதிரையில் இருப்போர். கல்விப் பணிப்பாளர், பிரதேச செயலாளர், பழைய மாணவர் சங்கத் தலைவர், வெளிநாட்டுக் கிளையில் இருந்து விடுமுறைக்கு வந்தவர். இவர்களும் பேச இருப்பவர்கள் ஆதலால் பேச்சைக் கேளார். தம் பேச்சை மனத்துள் ஒத்திகை பார்ப்பார்.

நிழலார், பெற்றோர். மைதானத்து ஓரம் மரத்தின்கீழ் நிற்பார்கள். தம் பிள்ளையின் பெயர் வாசிக்கும்போது மாத்திரம் ஒலிபெருக்கி இவர்கள் காதில் விழும். மற்றப்படி விதைப்பு, உரம், பஸ், மகனின் வெளிநாட்டுப் பயணம் பற்றித் தமக்குள் பேசுவார்கள். அங்கே நடக்கும் பேச்சு மேடைப் பேச்சிலும் பயனுள்ளது என்பது பலர் கண்டது.

கையொப்பமிடுவார், செயலமர்வுக்குரியோர். இவர்கள் வந்ததற்குச் சான்று பதிவேட்டில் உண்டு. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற அறிக்கை அந்தக் கையொப்பங்களால் நிறையும். ஒரே அம்மா தலைமைத்துவத்திலும் தேனீ வளர்ப்பிலும் முரண்பாட்டுத் தீர்விலும் பயிற்சி பெற்றவராகப் பதிவேடுகளில் வாழ்வார். வீட்டில் அவர் முன்பு போலவே தலைமைத்துவமும் செய்கிறார், முரண்பாடும் தீர்க்கிறார். தேனீ மட்டும் வரவில்லை.

எதிரே நிற்பார், பிள்ளைகள். மேடைக்கு நேர் எதிரே, அணி அணியாக, வெள்ளைச் சீருடையில். பேச்சு முழுவதும் இவர்களை நோக்கியது என்பது பொதுக் கருத்து. பேச்சாளரின் கண் கதிரையார் மேல் இருக்கும். சொல் பிள்ளைகள் மேல் இருக்கும். "நாளைய தலைவர்களே" என்று இவர்களை விளித்துவிட்டு இன்று நிழல் கொடுக்காமல் விடுவது மேடை மரபு. ஒருத்தி மயங்கி விழுந்தால் ஆசிரியை தூக்கிக்கொண்டு போய்ச் சோடா கொடுப்பார், பேச்சு நிற்காது. அந்தப் பிள்ளைக்கு அன்றைய படிப்பினை தன்னைத் தூக்கிய கை தான்.

6. ஒழிபியல்

மேல் இயல்களில் அடங்காததைச் சொல்வது ஒழிபியல். வன்னியில் ஆற்றப்பட்ட பேச்சுகளுள் எது தலைசிறந்தது என்ற வினா இங்கே ஆராயப்படும்.

1897 ஜனவரி 15 இல் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பில் இறங்கினார். கண்டிக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வடக்கே வந்தார். யாழ்ப்பாணத்துக்குத் தென்பகுதியிலிருந்து ரயில் தொடர்பு முழுமையானது 1905 இல் தான். ஆகவே பயணம் வண்டியில். தம்புள்ளைக்கு அப்பால் சில்லு உடைந்து மணிக்கணக்காக வீதியோரத்தில் நின்றார்கள். அனுராதபுரத்தில் வழிபாடு பற்றிப் பேசத் தொடங்க, எதிர்ப்பாளர் கூட்டம் மேளமும் தகரமும் தட்டிப் பேச்சை நிறுத்தியது. கேட்க வந்த இந்துக்கள் கைகலப்புக்கு எழுந்தார்கள். அவர் பொறுமை சொல்லி அடக்கினார். பிறகு கெட்ட வீதியில் காடு கடந்து வவுனியா. அங்கே வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். அவர் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஆனையிறவில் இன்னொரு வரவேற்பு. 24 ஆம் திகதி யாழ்ப்பாணம். அங்கே வேதாந்தம் பற்றி ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார்.

யாழ்ப்பாணப் பேச்சு, "கொழும்பிலிருந்து அல்மோரா வரை" என்னும் தொகுப்பில் உண்டு. வவுனியாவில் சொன்ன பதில் அதில் இல்லை. வன்னியின் தலைசிறந்த பேச்சு அதுவே என்பது இந்நூலார் துணிபு. முதற் காரணம், அது சுருங்கியது. இரண்டாவது, அதை இலக்கமிட்டு ஏழு படியாக ஆக்க எவராலும் முடியாது. மூன்றாவது முக்கியமானது: உடைந்த சில்லையும் அடங்காத கூட்டத்தையும் கடந்து வந்தவர், சிறியதோர் ஊரில் இறங்கி, ஊரவர் வாசித்ததை முதலில் கேட்டார், கேட்ட பிறகே பேசினார். அனுராதபுரத்தில் பேச்சு நின்ற பின் அவர் செய்ததும், வவுனியாவில் பேசுமுன் அவர் செய்ததும் பாடம். இரண்டும் மேடைப் பேச்சு அல்ல.

புறனடை

நூற்பா 7
சொல்வோர் கேட்போர் வேறிலர் ஆயின்
சொல்லிய விதியெலாம் செல்லா தாகும்.

உரை: எல்லா இலக்கணத்துக்கும் புறனடை உண்டு. இந்நூலின் புறனடை, குளத்தடி விவசாயிகளின் பயிர்ச்செய்கைக் கூட்டம்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், அக்கராயன் என்று வன்னியில் பெருங்குளம் உள்ள இடமெல்லாம் போகத்துக்கு முன் இந்தக் கூட்டம் நடக்கும். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர் ஒரு பக்கம். கமக்காரர் அமைப்புகள் மறுபக்கம். விளக்கேற்றினாலும் ஏற்றாவிட்டாலும் முதற் கேள்வி ஒன்று தான்: "ஐயா, குளத்தில இப்ப எத்தனை அடி நிக்குது?" இரணைமடு 36 அடி கொள்ளும். சிறுபோகத்துக்கு என்ன மிச்சம் இருக்கிறதோ அதை வைத்து எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, எத்தனை மாத நெல், வாய்க்கால் துப்புரவு யார் பொறுப்பு, மாடுகளை எப்போது கட்டுவது என்று முடிவெடுப்பார்கள். சத்தம் போடுவார்கள். வாலுக்குத் தண்ணீர் வருவதில்லை என்று கடைசி வாய்க்காலில் வயல் வைத்திருப்பவர் எழும்பி நிற்பார். தலைவாய்க்காலில் இருப்பவர் அவரைப் பாராமல் இருப்பார். கடைசியில் ஒரு திகதி வரும். எடுத்த முடிவுக்குச் சட்ட வலுவும் உண்டு.

எடிசனும் அட்மிரலும் அங்கே வரமாட்டார்கள். ஒருவரும் ஒருவரையும் ஊக்கப்படுத்துவதில்லை. ஆனாலும் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அதே குளம், அதே தண்ணீர். பிழை சொன்னால் சொன்னவர் வயலும் காயும். மேடைப் பேச்சுகளுக்கு இல்லாத பொறுப்பு இது.

ஆகவே இந்நூலின் முடிபு: கேட்பவர் எத்தனை அடியில் நிற்கிறார் என்று கேளாமல் சொல்லப்படும் பேச்சில் படிப்பினை இல்லை, கேட்டுச் சொல்லப்படும் பேச்சு அரை மணிநேரத்துக்கு மேல் போகாது, ஏனெனில் கேட்டவுடனேயே பேச்சாளருக்குச் சொல்ல இருந்ததில் பாதி தேவையில்லாமற் போய்விடும்.

பாடசாலை அதிபர்மாருக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் இந்நூலார் வைக்கும் விண்ணப்பம் ஒன்றே. அடுத்த பரிசில் நாளுக்குப் பிள்ளைகள் நிற்கும் பக்கத்துக்கு முதலில் கொட்டகை போடுங்கள். மேடைக்குப் பிறகு போடலாம். நிகழ்ச்சிநிரலில் பிரதம விருந்தினர் உரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால், பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்க இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.